தீவினர் குருதியும் தீவினர் மொழியும்

தாய்நிலம் நீங்கி வாழும் மக்கள் யாவரும் எதிர்கொள்ளும் வினா ஒன்று உண்டு. "உங்களுக்குச் சொந்த ஊர் எது?" என்பதே அது. கோலார் தங்கவயலில் வாழும் தமிழ்க் குடும்பத்தார்க்கு இவ்வினா புதிதன்று. 1880-ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் குழுமத்தார் இங்குப் பொன் அகழும் பணியை மேற்கொண்டபின், வடஆர்க்காடு, சேலம், சித்தூர் முதலிய பகுதிகளிலிருந்து மக்கள் வந்தனர். உரிகம், சாம்பியன் ரீப், மாரிக்குப்பம் என விரிந்த லைன்களில் குடியேறினர். அவர்களுடைய பேரரும் கொள்ளுப்பேரருமே இன்று இங்கு வாழ்வோர். பாட்டனார் ஊரின் பெயரைச் சிலர் அறிவர், சிலர் அறியார். ஆண்டுக்கொருமுறை சென்று வணங்கும் குலதெய்வம் ஒன்றே சில குடும்பங்கட்குப் பழைய ஊரை நினைவூட்டும் சான்றாக எஞ்சியுள்ளது.

நூற்றைம்பது ஆண்டுகட்குள் நிகழ்ந்த குடிப்பெயர்ச்சியே இங்ஙனம் மங்கிப்போகுமாயின், பல்லாயிரம் ஆண்டுகட்கு முன் கடல் சூழ்ந்த தீவுகளிற் சென்று தங்கிய, எழுத்தறியாத மக்களின் தோற்றத்தை அறிவது எவ்வாறு? ஏடும் கல்வெட்டும் இல்லாத இடத்து வரலாற்றாசிரியன் எதனைப் படிப்பான்? மாண்டோரின் எலும்பையும் பல்லையும் மயிரையும் படிக்கலாம் என்று கடந்த நாற்பது ஆண்டுகளில் அறிவியல் காட்டியுள்ளது. அவ்வழியே அந்தமான் தீவினரைப் பற்றி அறியப்பட்டவற்றையும், அவ்வறிவு தமிழராகிய நமக்குக் கற்பிப்பதையும் ஈண்டுத் தொகுத்துரைக்க முயல்கின்றோம்.

அந்தமான் மக்களும் அவரைப் பற்றிய கதைகளும்

வங்கக் கடலின் கீழ்ப்பால் உள்ள தீவுகள் தமிழர் அறியாதன அல்ல. முதலாம் இராசேந்திர சோழனின் கடற்படையெடுப்பைக் கூறும் 11-ஆம் நூற்றாண்டுத் தஞ்சைக் கல்வெட்டில், நிக்கோபார்த் தீவுகள் மாநக்கவாரம் என்னும் பெயரால் குறிக்கப்பட்டுள்ளன. அவற்றிற்கு வடக்கே அமைந்தவை அந்தமான் தீவுகள். இற்றை நாளில் இவ்விரு தீவுக் கூட்டங்களிலும் தமிழர் பலர் வாழ்கின்றனர். இலங்கைத் தோட்டங்களிலிருந்து திரும்பிய தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள் நிக்கோபார்க் கூட்டத்துக் கச்சால் தீவின் ரப்பர்த் தோட்டத்திற் குடியமர்த்தப்பட்டதும் நம்மவர் வரலாற்றின் ஒரு பகுதியே.

எனினும் கல்வெட்டுத் தீவின் பெயரைத் தந்ததேயன்றித் தீவினரின் கதையைத் தரவில்லை. அந்தமானில் பேரந்தமானியர், ஓங்கே, ஜாரவா, செண்டினலீயர் என நான்கு பழங்குடியினர் இன்றும் உளர். குறுகிய உருவமும், கருநிற மேனியும், சுருண்ட முடியும் உடைய இவர்களைக் கண்ட ஐரோப்பியர் பல கதைகளைப் புனைந்தனர். ஆப்பிரிக்க அடிமைகளை ஏற்றிவந்த கப்பல் ஒன்று உடைந்து கரையொதுங்கியோரின் வழியினர் இவர் என்று சிலர் கூறினர். உருவ ஒப்புமை ஒன்றையே கொண்டு கட்டிய கதை அது. வேறு சான்று அதற்கு இல்லை.

ஆங்கிலேயர் 1789-ஆம் ஆண்டில் அந்தமானில் ஒரு குடியேற்றத்தை நிறுவினர். நோயின் கொடுமையால் 1796-இல் அதனைக் கைவிட்டனர். பின்னர், 1857-ஆம் ஆண்டுப் பெருங்கிளர்ச்சியிற் சிறைப்பட்டோரை அடைக்கும்பொருட்டு 1858-இல் மீண்டும் வந்து தண்டனைக் குடியிருப்பை அமைத்தனர். அந்நாளிற் பேரந்தமானியர் பத்துப் பிரிவினராய், தனித்தனி மொழி உடையவராய், பல்லாயிரவராய் வாழ்ந்தனர். காடு அழிந்தது, புதிய நோய்கள் புகுந்தன. 1877-இல் பரவிய தட்டம்மை ஊர் ஊராக மக்களைக் கொன்றது. 1901-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில் அவர் எண்ணிக்கை 625. 1961-இல் 19 பேர். 2011-இல் 44 பேர். இவ்வெண்களை ஒருமுறைக்கு இருமுறை படித்தல் வேண்டும். ஒரு காலனியின் ஒரு லைனில் வாழ்வோரினும் குறைந்த தொகையினராக ஒரு பேரினம் சுருங்கிவிட்டது.

இத்தகைய மக்களின் தோற்றத்தை ஆராய்வோர்க்கு உள்ள இடர்ப்பாடு வெளிப்படை. இன்று வாழ்வோர் மிகச் சிலர். அவர்களும் பிற இனத்தாரோடு மணவுறவு கொண்டு கலந்தவர். ஆகலான் பழைய நாளில் வாழ்ந்து மறைந்தோரிடமே சான்று தேடவேண்டியதாயிற்று.

எலும்பில் எழுதிய ஏடு

நம் உடலின் உயிரணுக்களுள் டி.என்.ஏ. என்னும் மரபிழை உள்ளது. நான்கே எழுத்துகளால் ஆகிய நெடிய ஏடாக அதனைக் கருதலாம். தாயிடமிருந்து ஒரு படியும் தந்தையிடமிருந்து ஒரு படியும் பெறுகின்றோம். ஒரு படியில் ஏறத்தாழ 300 கோடி எழுத்துகள் உள. இதனையன்றி, உயிரணுவில் உள்ள மைட்டோகாண்டிரியா என்னும் இழைமணிகளுள் 16,569 எழுத்துகளைக் கொண்ட சிறியதோர் ஏடும் உண்டு. அது தாய்வழி மட்டுமே வருவது. ஒய் குரோமோசோம் என்பது தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டும் செல்வது. ஏட்டைப் பெயர்த்தெழுதுவோன் இடையிடையே ஓரெழுத்தைப் பிழைபட எழுதுவதுபோல, தலைமுறை தோறும் சிற்சில எழுத்துகள் மாறுகின்றன. ஒரே பிழையைப் பொதுவாக உடைய இரு சுவடிகள் ஒரே மூலத்தினின்றும் பெயர்க்கப்பட்டன என்று உ. வே. சாமிநாதையர் போன்ற பதிப்பாசிரியர்கள் துணிவது போலவே, ஒரே மாற்றத்தை உடைய இரு மக்கள் ஒரே முன்னோரின் வழியினர் என்று ஆராய்ச்சியாளர் துணிகின்றனர். பிழைகள் எத்துணை பெருகியுள்ளன என்பதைக் கொண்டு, பிரிந்த காலத்தையும் ஒருவாறு கணிக்கின்றனர்.

உயிர் நீங்கியபின் இம்மரபிழை துண்டு துண்டாக உடைகின்றது. வெப்பமும் ஈரமும் மிக்க நம் நாடுகளில் மிக விரைவாக அழிகின்றது. குளிர்நாட்டு எலும்புகள் பல ஆயிரம் ஆண்டுச் செய்தியைக் காத்துத் தரும். நம் நாட்டு எலும்புகளோ பெரும்பாலும் கைவிடும். அரியானாவில் உள்ள ராக்கிகடியின் சிந்துவெளிக் காலப் புதைகுழிகளைச் சார்ந்த 61 மாதிரிகளை ஆராய்ந்து 2019-இல் முடிவு வெளியிட்டனர். அவற்றுள் ஒரே ஒரு பெண்ணின் எச்சமே படிக்கத்தக்க மரபிழையை நல்கிற்று. செவிக்குள் அமைந்த கடினமான எலும்பும் பல்லும் பிற எலும்புகளினும் நெடுநாள் அதனைக் காப்பன என்பது அறியப்பட்டுள்ளது.

தங்கவயலார்க்கு இதனை விளக்குதல் எளிது. ஒரு டன் பாறையை மேலே ஏற்றி, உடைத்து, பொடித்து, கழுவினாலும் கிடைக்கும் பொன் சில கிராமே. பழைய எலும்பின் பொடியும் அத்தகையதே. அதிற் கிடைக்கும் மரபிழையின் பெரும்பகுதி மண்ணில் வாழும் நுண்ணுயிர்களுடையது. மாண்டவருடையது மிகச் சிறிது. அச்சிறிதிலும், எலும்பைத் தொட்டவரின் மரபிழை கலந்துவிடுமாயின் உழைப்பெல்லாம் வீணாகும்.

இக்கலப்பைத் தவிர்க்கும் முறைக்கும் நம் ஊரிலேயே ஓர் ஒப்புமை உண்டு. 1965-ஆம் ஆண்டில் டாடா அடிப்படை ஆராய்ச்சிக் கழகத்தாரும், ஜப்பானின் ஓசாகா, இங்கிலாந்தின் டர்ஹாம் நகரங்களைச் சேர்ந்த அறிஞரும் கூடி, நம் சாம்பியன் ரீப் சுரங்கத்தில் ஏறத்தாழ 2.3 கிலோமீட்டர் ஆழத்திற் கருவிகளை நிறுவினர். வளிமண்டலத்தில் தோன்றும் நியூட்ரினோ என்னும் நுண்துகளின் தடத்தைக் கண்டனர். நிலமட்டத்தில் பிற கதிர்களின் இரைச்சல் மிகுதி. அவ்விரைச்சலைப் பாறையின் கனத்தால் தடுத்த பின்னரே மெல்லிய குரல் கேட்டது. பழைய மரபிழையை ஆராயும் கூடமும் அவ்வாறே காக்கப்படுகின்றது. காற்று வடிகட்டப்படும், புகுவோர் தலைமுதல் கால்வரை மூடிய உடை அணிவர். வாழ்வோரின் இரைச்சலைத் தடுத்த பின்னரே மாண்டோரின் குரல் கேட்கும். இத்துறையை வளர்த்த சுவாந்தே பாபோ என்னும் அறிஞர்க்கு 2022-ஆம் ஆண்டில் நோபல் பரிசு வழங்கப்பெற்றது.

ஐதராபாத்து ஆராய்ச்சி

அந்தமானியரைப் பற்றிய ஆராய்ச்சியில் முதன்மையான பங்கு ஐதராபாத்தில் உள்ள உயிரணு மூலக்கூறு உயிரியல் மையத்துக்கு உரியது. மறைந்த அறிஞர் லால்ஜி சிங்கும், குமாரசாமி தங்கராஜும், வெளிநாட்டு அறிஞர் சிலரும் 2003-இல் தம் முதல் முடிவுகளை வெளியிட்டனர். வாழும் ஓங்கே, ஜாரவா, பேரந்தமானியரிடம் பெற்ற மாதிரிகளோடு, 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் திரட்டப்பட்ட பழைய மாதிரிகளையும் அவர்கள் ஆராய்ந்தனர். மானிடவியல் அறிஞர் ராட்கிளிப் பிரௌன் 1906 முதல் 1908 வரை அந்தமானில் ஆராய்ந்தபோது திரட்டி, கேம்பிரிட்ஜில் வைக்கப்பட்டிருந்த தலைமயிரே அப்பழைய மாதிரி.

பழைய ஆலைக்கழிவைக் குவித்த நம் சயனைட் மேடுகளிலும் பொன் எஞ்சியிருப்பதுபோல, ஒரு நூற்றாண்டுக் காலம் எவரும் பொருட்படுத்தாத மயிர்க்கற்றையிலும் செய்தி எஞ்சியிருந்தது. அதே ஆண்டில், அருங்காட்சியகங்களிற் கிடந்த அந்தமானியர் எச்சங்களை ஆராய்ந்த மற்றொரு குழுவினரும், ஆப்பிரிக்கக் குள்ள இனத்தாரோடு இவர்க்குள்ள உருவ ஒப்புமை அண்மை உறவால் வந்ததன்று என்று காட்டினர். ஒத்த சூழலில் ஒத்த உருவம் தனித்தனியே அமைந்தது என்பதே அவர் முடிவு. கப்பல் உடைந்த கதை இதனோடு முற்றுப்பெற்றது.

2005-இல் ஐதராபாத்து அறிஞர் மேலும் ஓரடி எடுத்து வைத்தனர். ஓங்கே, பேரந்தமானியர் ஆகியோரின் தாய்வழி ஏட்டை முழுவதும் படித்தபோது, எம்31, எம்32 எனப் பெயரிடப்பட்ட இரு தொன்மையான கிளைகள் தென்பட்டன. இந்திய நிலப்பகுதியில் அதுகாறும் ஆராயப்பட்ட மக்களிடம் அவை காணப்படவில்லை. ஆகவே, 50,000 முதல் 70,000 ஆண்டுகட்கு முன் ஆப்பிரிக்காவினின்றும் புறப்பட்ட முதற் பெயர்ச்சியில் வந்து, அன்று முதல் தீவில் தனித்து வாழ்ந்தவர் இவர் என்று அவர்கள் கருதினர். இக்கருத்து உலகெங்கும் பரவியது. "அறுபதினாயிரம் ஆண்டுத் தனிமை" என்னும் தொடர் பலர் வாயிலும் வழங்கலாயிற்று.

ஆராய்ச்சி அவ்விடத்து நின்றுவிடவில்லை. 2006-ஆம் ஆண்டில் பழனிச்சாமி முதலிய அறிஞர், மேற்கு வங்காளத்து ராஜ்பன்சி மக்களிடையே எம்31 கிளையைக் கண்டு வெளியிட்டனர். நிலப்பகுதியிலும் அக்கிளை உண்டெனின், கிளை தோன்றிய காலம் வேறு, தீவிற் குடியேறிய காலம் வேறாதல் கூடும். ஒரு குடும்பத்தின் பழமையும், அக்குடும்பம் இன்றுள்ள வீட்டிற் குடிபுகுந்த நாளும் ஒன்றாதல் இல்லை அன்றோ? பனிக்காலத்தின் உச்சத்தில், ஏறத்தாழ 20,000 ஆண்டுகட்கு முன், கடல் மட்டம் இன்றைக்கு 120 மீட்டர் அளவு தாழ்ந்திருந்தது. பர்மாக் கரைக்கும் அந்தமானுக்கும் இடைப்பட்ட கடல் குறுகியிருந்தது. அக்காலத்தை ஒட்டி வடகிழக்கு வழியாக இவர்கள் தீவை அடைந்திருக்கலாம் என்று பின்வந்தோர் சிலர் கருதினர். அகழாய்விற் கிடைத்த பழைய கிளிஞ்சல் மேடுகளோ 2,200 ஆண்டளவு பழமையே காட்டுகின்றன. அதற்கு முற்பட்ட கரைகள் கடலுள் மூழ்கியமையின், பழைய குடியிருப்புகள் நம் கைக்கு எட்டாதனவாயிருத்தல் இயல்பே.

ஒருவர் கூறியதை மற்றொருவர் மறுத்தமையால் ஆராய்ச்சி இழுக்குற்றது எனக் கருதுதல் பிழை. தங்கராஜும் பழனிச்சாமியும் மாறுபட்ட முடிவுகளை ஒரே ஏட்டில் வெளியிட்டு, சான்றைச் சான்றால் எதிர்கொண்டமை அறிவுலகின் நன்முறை. பெருமைக்காக ஆண்டுக் கணக்கைக் கூட்டிச் சொல்லும் வழக்கம் உடைய நாம் இதனை உளங்கொள்ளுதல் தகும்.

2016-இல் ஓங்கே, ஜாரவா மக்களின் முழு மரபிழைத் தொகுதி படிக்கப்பட்டது. ஆசிய மக்கள் எல்லாரும் ஆப்பிரிக்காவினின்று வந்த அதே பெயர்ச்சியின் வழியினரே இவரும் என்பது அவ்வாய்வின் முடிவு. 2018-இல் தென்கிழக்காசியாவின் பழைய எலும்புகள் சான்று கூறின. லாவோஸ் நாட்டில் ஏறத்தாழ 8,000 ஆண்டுகட்கு முன்னும், மலேயாவில் ஏறத்தாழ 4,000 ஆண்டுகட்கு முன்னும் வாழ்ந்த வேட்டுவரின் மரபிழை, இன்றுள்ள மக்களுள் ஓங்கே மக்களோடும் மலேயாப் பழங்குடியினரோடும் நெருங்கி நின்றது. உழவர் கூட்டங்கள் பரவுமுன் இவ்வேட்டுவரும் அந்தமானியரின் முன்னோரும் ஒரு பெருங்குடும்பத்தின் கிளைகளாய் வாழ்ந்தனர் என்பது இதனாற் புலனாகின்றது.

நமக்கும் அவர்க்கும் உள்ள உறவு

இனி, நம்மவர்க்கு வியப்பளிக்கும் செய்தி ஒன்றுண்டு. 2009-ஆம் ஆண்டில், ஐதராபாத்து மையத்தாரும் அமெரிக்க அறிஞர் டேவிட் ரைக் முதலியோரும் இந்தியாவின் 25 மக்கட் பிரிவினரை ஆராய்ந்தனர். இந்திய மக்களின் முன்னோருள் ஒரு பழந்தென்னிந்தியக் கூறு உண்டு என்றும், அக்கூறுக்குத் தொலைவான உடன்பிறப்பு முறையினர் ஓங்கே மக்கள் என்றும் அவர்கள் கண்டனர். அப்பழந்தென்னிந்தியரின் கலப்பற்ற எலும்பு எதுவும் கிடைக்காமையால், ஓங்கே மக்களின் மரபிழையைத் துணையாகக் கொண்டே அக்கூறு அளக்கப்படுகின்றது.

இதனைப் பிழைபட உணர்தல் கூடாது. ஓங்கே மக்கள் நம் பாட்டனார் அல்லர். நம் பாட்டனாரின் நெடுந்தொலைவுப் பங்காளிகள். பிரிந்தது பல்லாயிரம் ஆண்டுகட்கு முன். அன்று முதல் நம் முன்னோர் பலரோடு கலந்தனர். இந்தியாவில் ஏறத்தாழ 4,200 முதல் 1,900 ஆண்டுகட்கு முன் வரை பரந்த கலப்பு நிகழ்ந்தது என்று 2013-ஆம் ஆண்டு ஆய்வு ஒன்று கூறும். வடக்கிலும் தெற்கிலும், மேலென்றும் கீழென்றும் பேசப்படும் எல்லாச் சாதியாரிடமும் அக்கலப்பு உண்டு. தூய குருதி என்பது இந்நாட்டில் எவர்க்கும் இல்லை. அந்தமானியரைப் "பழமை மாறாத மனிதர்" என்பதும் பொருந்தாது; நாம் கடந்த அத்தனை ஆண்டுகளையும் அவரும் கடந்தே வந்துள்ளனர்.

குருதி ஒரு வழி, மொழி ஒரு வழி

இவ்வாராய்ச்சியினின்று ஒரு தமிழ்ச் சங்கம் பெறத்தக்க பாடம் யாது? அதனை அறியப் பசிபிக் கடலின் வனுவாட்டுத் தீவுகளை அந்தமானோடு ஒப்புநோக்கல் வேண்டும்.

வனுவாட்டு நாட்டின் எபாத்தே தீவில் தெயோமா என்னும் பழைய இடுகாடு உண்டு. அங்கு 3,000 ஆண்டளவிற்கு முன் புதைக்கப்பட்டோரின் மரபிழையை 2016-இல் படித்தனர். தைவான், பிலிப்பைன் பக்கத்தினின்று கலமேறி வந்த மக்களின் வழியினர் அவர் என்று தெரிந்தது. இன்று அத்தீவுகளில் வாழ்வோரின் குருதியிலோ, பின்னர் மேற்கிலிருந்து வந்த பாப்புவா வழியினரின் பங்கே மிகுதி. ஆயினும் அவர்கள் வழிவழியாகப் பேசும் நூற்றுக்கு மேற்பட்ட மொழிகளும் முதலில் வந்தோரின் ஆஸ்திரோனேசிய மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தவை. குருதி பெரும்பாலும் மாறிற்று, மொழி நிலைத்தது.

அந்தமானில் இதற்கு நேர்மாறாயிற்று. பேரந்தமானியரின் தொன்மையான தாய்வழிக் கிளை எஞ்சியுள்ளது. அவர்தம் மொழிகளோ ஒவ்வொன்றாய் மாண்டன. அவற்றுள் ஒன்றாகிய போ மொழியை அறிந்த இறுதி மூதாட்டி போவா 2010-ஆம் ஆண்டு சனவரியிற் காலமானார். தம் மொழியிற் பேச எவரும் இன்றி அவர் பல்லாண்டு வாழ்ந்தார். சாரே மொழியை அறிந்த இறுதி மூதாட்டி லீச்சோ 2020-ஆம் ஆண்டு ஏப்ரலில் மறைந்தார். இவர்களுடைய மக்கள் இந்தியில் உரையாடுகின்றனர். மொழியறிஞர் அன்விதா அப்பி பல்லாண்டு அவரோடிருந்து, சொற்களையும் கதைகளையும் பாடல்களையும் பதிவு செய்து அகராதியாக்கியிராவிடின், அம்மொழிகளின் தடமும் நமக்குக் கிட்டாது.

இவ்விரண்டையும் ஒருசேர நோக்குக. குருதியில் மொழி இல்லை. உயிரணுவில் உள்ள 300 கோடி எழுத்துகளுள் ஓரெழுத்தும் தமிழெழுத்தன்று. நம் எலும்பை ஒருவன் ஈராயிரம் ஆண்டு கழித்து அகழ்ந்தெடுப்பினும், நாம் எவ்வழியில் வந்தோம் என்பதை அறிவான். எம்மொழியில் தாலாட்டப்பட்டோம் என்பதை அறியான். குருதி தானே இறங்கும். மொழியைப் பெற்றோர் வாயால் ஈந்தாலன்றி அஃது இறங்காது. ஒரு தலைமுறை ஈயாது விடின் மறுதலைமுறைக்கு அது பிறமொழியே.

எலும்புக்கு உரியோர்

அறிவின் பயனைக் கூறிய நாம் அதன் விலையையும் கூறுதல் அறம். அருங்காட்சியகங்களில் உள்ள தீவினர் எலும்புகளும் மயிரும் அடிமைப்பட்ட நாட்களில் திரட்டப்பட்டவை. உரிமையுடையோரின் உளமார்ந்த இசைவைக் கேட்டுப் பெறும் வழக்கம் அந்நாளில் இல்லை. நம்முள் எவருடைய பாட்டியாரின் எலும்பேனும் அயல்நாட்டுப் பெட்டியொன்றில் எண்ணிட்டு வைக்கப்பட்டிருப்பின் நாம் பொறுப்போமா? சுரங்க விபத்தில் மாண்ட உறவினரின் உடல் மேலே வரும்வரை ஷாப்ட் வாயிலிற் காத்திருந்த குடும்பங்கள் வாழ்ந்த ஊர் இது. இறந்தோரின் உடலுக்கு உற்றார் உளர் என்பதை நமக்கு எவரும் கற்பிக்க வேண்டுவதில்லை.

இந்நிலை மெல்ல மாறி வருகின்றது. ஈஸ்டர் தீவு எனப்படும் ராப்பா நூய் மக்களின் பழைய எச்சங்கள் பாரிசு நகர அருங்காட்சியகத்தில் உள்ளன. அவற்றுள் 15 பேருடைய மரபிழையைப் படித்து 2024-இல் முடிவு வெளியிட்ட குழுவினர், தீவுமக்களோடு கலந்து பேசியே பணியை நடத்தினர். காட்டை அழித்துத் தம்மைத் தாமே மாய்த்துக்கொண்டவர் அத்தீவினர் என்று பிறர் நெடுநாள் கூறிவந்த பழியை அவ்வாய்வு மறுத்தது. 17-ஆம் நூற்றாண்டில் அவர் தொகை வீழ்ச்சியுற்றதற்கு மரபிழையில் அடையாளம் இல்லை. மூதாதையரின் எலும்பே வழக்குமன்றத்திற் சான்று கூறுவதுபோற் சந்ததியாரின் மேலிருந்த பழியைத் துடைத்தது. எச்சங்களைத் தாய்மண்ணுக்குத் திருப்பி அனுப்பவும் அவ்வறிவு துணைபுரியக் கூடும்.

அந்தமானில் இன்றும் வாழும் ஓங்கே மக்கள் 2011-ஆம் ஆண்டுக் கணக்கின்படி ஏறத்தாழ நூற்றுவர்; ஜாரவா மக்கள் 380 பேர். அவர் தோற்றத்தை அறிய ஆர்வம் கொள்ளும் உலகம், அவர் காட்டையும் கடலையும் காக்க அவ்வளவு ஆர்வம் காட்டுதல் வேண்டும். அத்தீவுகளில் நிலப்பகுதியிலிருந்து சென்று குடியேறியோருள் தமிழரும் உளர் ஆகலின், இக்கடமையில் நமக்கும் பங்குண்டு.

தங்கவயலார் கடமை

2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் நம் சுரங்கங்கள் மூடப்பட்டன. நம்மைப் பிணைத்திருந்த தொழில் அன்றோடு நின்றது. வைகறை ரெயிலில் மாரிக்குப்பத்தினின்று பெங்களூர் சென்று இரவில் திரும்புவோர் பலர். வெளியூரிலேயே தங்கிவிட்டோரும் பலர். இங்குள்ள சிறுவர் பள்ளியிற் கன்னடமும் ஆங்கிலமும் பயில்கின்றனர். அவற்றை நன்கு பயிலுதல் வேண்டும். வாழும் நாட்டின் மொழியை மதித்தல் வந்தேறிய குடியின் முதற் பண்பு. ஆயின் வீட்டிலும் தமிழ் ஒலி குறையுமாயின், பேரந்தமானியர்க்கு நோயும் படையும் செய்ததை நமக்கு நாமே செய்துகொண்டவராவோம். அவர் மொழியை இழந்தது தம் விருப்பால் அன்று. நாம் இழப்பின் அப்பழி வேறு எவர்மேலும் சாராது.

ஆகலின் இவ்வாண்டு விழாவையொட்டிச் சங்கத்தார்க்கும் குடும்பத்தார்க்கும் ஒரு வேண்டுகோள் விடுக்கின்றோம். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு குறிப்பேடு திறக்கப்படட்டும். முதலில் வந்த பாட்டனார் பாட்டியார் பெயர், அவர் புறப்பட்ட சிற்றூர், வந்த ஆண்டு, தங்கிய லைன், இறங்கிய சுரங்கம் ஆகியவற்றை அதில் எழுதுக. சுரங்கத்துள் அவர்கள் வழங்கிய சொற்களை எழுதுக. கருவிக்கும் பாறைக்கும் விபத்துக்கும் அவர்கள் இட்ட பெயர்கள் வேறெந்த ஊர் அகராதியிலும் இரா. லைன்களிற் பாடிய தாலாட்டையும் ஒப்பாரியையும் முதியோர் வாயினின்று கேட்டுப் பதிவு செய்க. எண்பது வயதைக் கடந்த சுரங்கத் தொழிலாளரும் அவர் மனைவியரும் நம்மிடையே இன்னும் உளர். இன்று கேட்டால் விடை கிடைக்கும். பத்தாண்டு கழித்துக் கேட்கப் புகின் எலும்பைத்தான் கேட்கவேண்டும். எலும்பு ஊரைச் சொல்லினும் சொல்லும், பாட்டைச் சொல்லாது.

குறிப்பேடுகள் நிறைந்தபின் அவற்றைச் சங்கத்தில் ஒருங்கு சேர்த்து, அடுத்த ஆண்டு மலரில் வெளியிடுதல் அரிய செயலன்று. அந்தமான் மூதாட்டியார்க்கு ஓர் அறிஞர் வெளியிலிருந்து வரவேண்டியிருந்தது. நமக்கு அவ்வாறு எவரும் வரவேண்டுவதில்லை. எழுதத் தெரிந்த பேரப்பிள்ளை வீட்டுக்கு ஒருவர் உளர். அவர் கையில் ஏட்டையும் எழுதுகோலையும் கொடுத்துப் பாட்டியாரின் அருகே அமர்த்துவோம்.

வாழ்க தமிழ்! வளர்க சங்கம்!